வெள்ளை முகம் ஓசூர் வந்த வழி

1 டாலர் 98 சென்ட். அந்த முகத்தின் விலை அவ்வளவுதான். 1978-ல் ஒரு டாலர் எட்டு ரூபாய்ச் சொச்சம். ஆக, பதினாறு ரூபாய்.

ஹாலிவுட்டில் மாயாஜாலச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் அதை வாங்கி வந்தவர் டாமி லீ வாலஸ். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் விண்கலத்தை ஓட்டும் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் முகச்சாயலில் வார்த்த ரப்பர் முகமூடி அது. குழந்தைகள் மாட்டிக்கொண்டு வேடிக்கை காட்டச் செய்தது. வாலஸ் அதன் புருவத்தைப் பிய்த்தார், கிருதாவை நீக்கினார், கண் ஓட்டையைக் கத்தரித்துப் பெரிதாக்கினார், மேலே வெள்ளைப் பெயின்ட்டை அடித்தார். ஷாட்னர் மறைந்துபோனார். கோபமோ சிரிப்போ இல்லாத, யாருடையதும் இல்லாத ஒரு முகம் மிஞ்சியது.

அந்த முகத்தோடு வந்த படம் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்'. மொத்தச் செலவு சுமார் 3 லட்சம் டாலர், படப்பிடிப்பு ஏறத்தாழ இருபது நாள். முகமூடி போட்டு நடந்த நிக் காசிலுக்கு நாளொன்றுக்கு 25 டாலர் கூலி. கதாநாயகி ஜேமி லீ கர்டிஸின் உடைகள் எல்லாம் சேர்ந்து 100 டாலரைத் தாண்டவில்லை. கதை நடப்பது இலையுதிர் காலத்தில், எடுத்ததோ வசந்தத்தில். காகித இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் தூவினார்கள். ஷாட் முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். இசையமைக்கத் தனி ஆளுக்குக் காசில்லாததால் கார்பென்டரே பியானோவில் உட்கார்ந்தார். ஐந்து தட்டுக் கணக்கை அவருக்குச் சின்ன வயதில் கற்றுக்கொடுத்தவர் இசைப் பேராசிரியரான அவருடைய அப்பா. நம் ஊரில் அதைக் கண்டம் என்போம். தக தகிட, தக தகிட. நாலில் முடிய வேண்டியது ஐந்தில் போய் இடறுவதால் கேட்பவன் மனசு ஓரிடத்தில் நிற்காது. அமெரிக்காவில் மட்டும் அந்தப் படம் 4 கோடியே 70 லட்சம் டாலர் வசூலித்தது.

ரத்தம் அதில் மிகக் குறைவு. என்னை இன்றுவரை விடாத காட்சியில் கத்தியே கிடையாது. ஒரு வகுப்பறை. லாரி என்ற மாணவி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் விதியைப் பற்றிப் பாடம் நடத்துகிறார், அவர் குரல்தான் கேட்கிறது. லாரி வெளியே பார்க்கிறாள். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கார், அதன் பக்கத்தில் வெள்ளை முகத்தோடு ஒருவன் அசையாமல் நிற்கிறான். டீச்சர் அவளைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கிறார். அவள் எழாமல், தடுமாறாமல் சரியான பதிலைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். கார் இல்லை.

இதற்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு பெஞ்சு, ஒரு ஜன்னல், ஒரு கார். மிச்சத்தைப் பார்க்கிறவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு ஜன்னலோர பெஞ்சு கிடக்கிறது. நீளமான தாழ்வாரம், மணி அடித்து எல்லோரும் போனபிறகு வரும் அமைதி, விளக்கு எரியாத லேப் எல்லாம் செட் போடாமலே தயாராக இருக்கின்றன. விடுமுறை நாளில் பள்ளிக் கட்டடம் மலிவாகக் கிடைக்கும் என்பது தயாரிப்பாளருக்குச் சௌகரியம். அடுத்தடுத்து வந்தன: 1980-ல் கனடாவிலிருந்து 'ப்ராம் நைட்', 1981-ல் 'கிராஜுவேஷன் டே'. பெரும்பாலானவை மோசமான படங்கள். ஆனாலும் அவற்றை விரும்பிப் பார்த்தவர்களில் நான் ஒருவன். ஏன் என்று சொல்வதற்காகத்தான் இந்த ரப்பர் முகத்தின் பின்னாலேயே நடந்து வருகிறேன்.

'ஹாலோவீன்' அமெரிக்காவில் வெளியானது 1978 அக்டோபர் 25. மூன்றே நாள் கழித்து, அக்டோபர் 28-ல் தமிழ்நாட்டில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வெளியானது. ஒருவர் படம் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. இங்கே முகமூடி கிடையாது. கொலைகாரன் கமல்ஹாசன், அவர் முகத்தைப் பார்க்கத்தானே கூட்டம் வரும்? அங்கே முகம் தெரியாத நடிகனுக்கு ரப்பர் முகம் போதுமானதாக இருந்தது, இங்கே நட்சத்திரத்தின் முகத்தை மறைக்கக் கட்டுப்படியாகாது. அதற்கும் முன்னால் 1967-ல் 'அதே கண்கள்' ஒரு கொலைகாரனைக் கண்கள் மட்டும் தெரியும்படி உலவவிட்டது உண்மை. 1980-ல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' பெங்களூரிலேயே கொலைகளைத் தொடங்கியது, எங்கள் ஓசூருக்கு 40 கிலோமீட்டர் தூரத்தில். 1984-ல் மணிவண்ணனின் 'நூறாவது நாள்' மொட்டைத் தலை சத்யராஜைக் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் தமிழ் ரசிகன் வைத்த பெயர் ஒன்றுதான்: சைக்கோ படம். ஹிட்ச்காக் 1960-ல் எடுத்த படத்தின் பெயர் நம் பேச்சில் ஒரு ஆளைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. "அவன் ஒரு சைக்கோடா" என்கிறவன் ஹிட்ச்காக்கைக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை.

வெள்ளை முகத்தை நான் சந்தித்தது 1997-ல். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து ஓசூர் சிப்காட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். மூக்கண்டப்பள்ளியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ரூமில் ஐந்து பேர். ஒருவன் குப்பம், தெலுங்கு பேசுவான். ஒருவன் மாலூர், கன்னடம். மற்ற மூவரும் ராயக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கத்துத் தமிழ். ஷிஃப்ட் மாறும் வாரக்கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு டிவி, டெக், மூன்று கேசட் வாடகைக்கு எடுப்போம். காலையில் திருப்பித் தரவேண்டும் என்பதால் விடிய விடியப் பார்ப்போம். ஒரு ரஜினி படம், ஒரு தெலுங்குப் படம், மூன்றாவதாகக் கடைக்காரர் தள்ளிவிடும் இங்கிலீஷ் படம்.

மாலூர்க்காரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கன்னடத்தில் டப்பிங் படமே கிடையாது. 1960-களில் நடிகர் டாக்டர் ராஜ்குமார் உள்ளிட்டோர் முன்னின்ற போராட்டத்துக்குப் பிறகு, சட்டம் எதுவும் போடாமலே அந்தத் தடை நிலைத்துவிட்டது. 2015-ல் இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு எதிராக உத்தரவு போட்டு, 2017-ல்தான் மறுபடி ஒரு டப்பிங் படம் அங்கே திரைக்கு வந்தது. அதனால் எல்லையோரத்துக் கன்னடப் பையன்கள் தமிழிலோ தெலுங்கிலோ பார்ப்பார்கள், இல்லாவிட்டால் புரியாத இங்கிலீஷிலேயே பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துக் கொலைப் படம் அவர்களுக்கு வசதியாக இருந்தது. வசனம் எதற்கு? இருட்டில் ஒரு பெண் நடக்கிறாள், பின்னால் ஒருவன் நிற்கிறான். ஐந்து பேருக்கும் அது ஒரே மாதிரி புரிந்தது.

தேய்ந்துபோன கேசட், கோடு கோடாக ஓடும் படம். வெள்ளை முகம் அந்தக் கோடுகளுக்குள்ளிருந்து வந்தபோது இன்னும் பயங்கரமாக இருந்தது. அந்த முகமூடியும் கேசட்டைப் போலவே பழசானதுதான். முதல் படம் முடிந்ததும் அதைத் தயாரிப்பாளர் டெப்ரா ஹில் தன் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார் என்றும், அவர் பிடித்த சிகரெட்டின் புகையில் அது மஞ்சளாகிவிட்டது என்றும் சொல்வார்கள். 1981-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே ரப்பர்தான் வேறொரு ஆளின் தலையில் ஏறியது.

படம் முடிந்தது, யாருக்கும் தூக்கம் வரவில்லை. பேச்சு பள்ளிக்கூடத்துக்குப் போனது. எங்கள் எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது, பள்ளியை விட்டு ரொம்ப நாளாகவில்லை. ஒருவன் ஹெட்மாஸ்டரின் புளிய விளாரைச் சொன்னான். ஒருவன் பள்ளிக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைச் சொன்னான். நான் மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைப் பற்றிச் சொன்னேன். கணக்குப் பரீட்சையன்று அந்தச் சத்தம் வயிற்றில் விழும். ராயக்கோட்டைப் பையன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்துப் படுத்தபடி, தான் தங்கிப் படித்த விடுதியில் பையன்களைப் பார்த்துக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பேசினான். முழுதாகச் சொல்லவில்லை. சொன்ன வரைக்கும் எங்களுக்குப் புரிந்தது.

"வூட்ல சொன்னியா?" என்றான் குப்பத்துக்காரன்.

"சொன்னன். படிக்க வணங்காம கதை கட்டறன்னாங்க."

பிறகு அவனே எழுந்து கேசட்டைப் பின்னால் ஓட்டினான். லாரி புதருக்குப் பக்கத்தில் அந்த ஆளைப் பார்க்கிறாள், தோழியிடம் சொல்கிறாள். தோழி போய்ப் பார்த்தால் யாரும் இல்லை, கேலி செய்கிறாள். அங்கே நிறுத்தினான். "அவ சொன்னதயும் யாரும் நம்பல பாரு" என்றான்.

இத்தனை வருஷத்தில் இந்த வகைப் படங்களைப் பற்றி நிறைய வாசித்துவிட்டேன். கேரல் க்ளோவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1987-ல் எழுதிய கட்டுரையில், கடைசியில் மிஞ்சும் பெண்ணுக்கு ஒரு பெயரே வைத்தார். மற்றவர்கள் கவனிக்காததைக் கவனிக்கிறவள் அவள், பையன்களும் அவள் கண் வழியாகவே படத்தைப் பார்க்கிறார்கள் என்றார். அருமையான கட்டுரை. ஆனால் மூக்கண்டப்பள்ளி ரூமில் அந்தப் பையன் கேசட்டை நிறுத்திய இடம்தான் எனக்கு இதை விளங்கவைத்தது. பெரியவர்கள் நம்பாத ஒரு பயத்தை அந்தப் படம் நம்புகிறது. ஒன்றரை மணி நேரம் அவள் பக்கமே நின்று, நீ பார்த்தது நிஜம்தான் என்று சாட்சி சொல்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்த எந்தப் படமும் அவனுக்கு அதைச் செய்ததில்லை.

கேசட் போய் வி.சி.டி. வந்தது. பெங்களூர் மெஜஸ்டிக் பக்கம் போனவர்கள் அட்டை உறைக்குள் வைத்த தட்டுகளைப் பை நிறைய வாங்கி, அத்திப்பள்ளி தாண்டிக் கொண்டுவந்தார்கள். 1996-ல் வெஸ் க்ரேவன் எடுத்த 'ஸ்க்ரீம்' எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அதில் முகம் மாறிவிட்டது: நீண்ட வாய், வழியும் கண்கள். இந்த முகமூடியைப் படத்துக்காக யாரும் செய்யவில்லை. படப்பிடிப்புக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் கிடந்ததைத் தயாரிப்புக் குழுவினர் எடுத்துவந்தார்கள். ஃபன் வேர்ல்ட் என்ற கம்பெனி ஏற்கெனவே கடைகளில் விற்றுக்கொண்டிருந்த பண்டிகைச் சரக்கு அது. சான்ட்டா ரோசா ஊரின் பள்ளி நிர்வாகம், எங்கள் பள்ளியில் இந்த மாதிரிப் படம் எடுக்கக்கூடாது என்று மறுத்துவிட்டது. க்ரேவன் வேறொரு கட்டடத்தைப் பள்ளியாக்கி எடுத்து முடித்து, படத்தின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அந்த நிர்வாகத்துக்கு மட்டும் நன்றி கிடையாது என்று எழுத்திலேயே போட்டார்.

கடைச் சரக்கு என்பதால் அது நேரடியாகவே எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. 2011 வாக்கில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர்த் திருவிழாவில், பீப்பிக்கும் பலூனுக்கும் நடுவே அந்த நீள வாய் பிளாஸ்டிக்கில் வரிசையாகத் தொங்கியது. விற்றவருக்கு அது என்ன படம் என்று தெரியாது, "பேய் மூஞ்சி" என்று கூவினார். தோளில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் அதுதான் வேண்டும் என்று அழுதாள், வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் அம்மா, "இதெல்லாம் வூட்டுக்கு ஆவாது" என்று மறுநாளே எரவாணத்தில் செருகிவிட்டார்.

பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டில் படம் ஏற்றித் தரும் காலம். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்போம். "கொரியன் பேய்ப் படம் இருக்கு, ஏத்தவா?" அப்படி ஏறியவற்றில் ஒன்று 'டெத் பெல்', 2008-ல் வந்தது. கொரியாவில் ஒரு பள்ளி. நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனி வகுப்பு நடக்கிறது. திடீரென்று டிவியில் வகுப்பின் முதல் மாணவி தெரிகிறாள், கண்ணாடித் தொட்டிக்குள் அடைபட்டு. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. கொடுத்த கேள்விக்கு மற்றவர்கள் விடை கண்டுபிடித்தால்தான் அவள் பிழைப்பாள். அடுத்தடுத்து ரேங்க் வரிசைப்படியே பிள்ளைகள் மாட்டுகிறார்கள்.

நான் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரன். 2014-ல் பிளஸ் டூவில் மாநில முதலிடம் ஊத்தங்கரைப் பள்ளி ஒன்றுக்குத்தான் வந்தது. அந்த மே மாதத்தில் ஊரெங்கும் பிள்ளைகளின் முகங்கள் ஃப்ளெக்ஸில் ரேங்க் வரிசையில் நின்றன. தனியார் விடுதிப் பள்ளிகளில் விடியற்காலையில் எழுந்து, இரவு ஸ்டடி முடியும்வரை எழுதி எழுதி வாங்கிய மார்க்குகள். அரசு 2017-ல் ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது, நல்ல காரியம். அந்தக் கொரியப் படத்தை நான் ஒரு பள்ளி ஆசிரியரான நண்பருக்குக் காட்டினேன். அவர் கொலைக் காட்சிகளுக்கெல்லாம் அசையவில்லை. சுவரில் ஒட்டிய ரேங்க் பட்டியல் வந்த இடத்தில் மட்டும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

2018 அக்டோபரில் ராம்குமார் இயக்கிய 'ராட்சசன்' வந்தது. தமிழில் பள்ளிக்கூடத்துக்குள் முழுதாகக் கால் வைத்த சைக்கோ படம் என்றால் இதைத்தான் சொல்வேன். பள்ளிச் சிறுமிகள் காணாமல் போகிறார்கள், வீட்டு வாசலில் ஒரு பரிசுப் பெட்டி, உள்ளே சிதைந்த பொம்மைத் தலை. மிகப் பெரிய பட்ஜெட் இல்லை, பெரிய நட்சத்திரக் கூட்டமும் இல்லை. அதில் இரண்டு விஷயங்கள் என்னை ஆட்டிவைத்தன. ஒன்று, கொலைகாரன் அல்லாத இன்னொருவன்: மார்க்கைக் காட்டி மிரட்டி மாணவிகளைச் சீரழிக்கும் ஆசிரியன். அவனுக்கு முகமூடி தேவைப்படவே இல்லை, கையில் திருத்திய விடைத்தாள் இருக்கிறது. இரண்டாவது, கொலைகாரன் பள்ளிக்குள் நுழையும் விதம். சுவர் ஏறிக் குதிக்கவில்லை. மேஜிக் காட்ட வந்த கலைஞராக அவனைப் பள்ளியே அழைத்து, மேடை கொடுத்து, கைதட்டி உள்ளே விடுகிறது. பதினாறு ரூபாய் ரப்பர் முகம் சாலைக்கு அந்தப் பக்கம், வேலிக்கு வெளியே நின்றது. நாற்பது வருஷத்தில் அது மேடை ஏறிவிட்டது. படம் தெலுங்கிலும் இந்தியிலும் மறுபடி எடுக்கப்பட்டது.

2024 ஆகஸ்ட் மாதம் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளைப் பள்ளி வளாகத்திலேயே தங்கவைத்தார்கள். முகாமே போலி, பயிற்சியாளரும் போலி. எட்டாம் வகுப்புச் சிறுமி உட்பட மாணவிகள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதாகப் புகார் எழுந்தது. சீருடை போட்டு வந்தவனைப் பள்ளி நம்பியது. தெரிந்த பிறகும் போலீசுக்குச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் அந்த மாதமே விஷம் குடித்து இறந்துபோனார்.

அந்த வாரம் நான் எந்தப் படமும் பார்க்கவில்லை. ராயக்கோட்டைப் பையனுக்குப் போன் செய்தேன். இப்போது அவன் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், இன்னும் சிப்காட்டில்தான் வேலை. செய்தியைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. என் பெண்ணைத் தினமும் சாயந்திரம் உட்காரவைத்து, இன்றைக்கு யார் யார் பள்ளிக்கு வந்தார்கள் என்று கேட்கிறேன் என்றான். வெளியாள் யாராவது வந்தார்களா, என்ன பேசினார்கள், எங்கே நின்றார்கள்? அவள் என்ன சொன்னாலும் குறுக்கே பேசுவதில்லையாம்.

எரவாணத்தில் முகமூடியைப் பறிகொடுத்த அக்கா மகள் இப்போது ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிற இடம். கம்பெனி பஸ், ஹாஸ்டல், மூன்று ஷிஃப்ட். எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ரூம், அவளுக்கு அடுக்குக் கட்டில். அறைத் தோழிகளில் ஒருத்தி கிருஷ்ணகிரிக்காரி, ஒருத்தி குப்பம், ஒருத்தி ஆனேக்கல், ஒருத்தி ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். ஷிஃப்ட் முடிந்த இரவுகளில் ஒரே போனைத் தலையணைமேல் சாய்த்துவைத்துப் படம் பார்க்கிறார்களாம். என்ன படம் என்றேன். "எல்லாம் சைக்கோ படந்தான் மாமா, லவ்வு படம் போட்டா தூங்கிடறாளுங்க" என்றாள். 'ஹாலோவீன்' பார் என்றேன். பழைய படமா என்று சலித்துக்கொண்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு அவளிடமிருந்து போன். "மாமா, நீ சொன்ன படத்தப் போட்டுருக்கோம், கேளு." போனைத் தோழிகள் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். படம் எனக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஒரு டீச்சர் விதியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பெண்கள் மூச்சுக் காட்டவில்லை. பிறகு பியானோ கேட்டது, தக தகிட, தக தகிட. எந்தக் காட்சி என்று தெரியவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள்.

"ஏய், திரும்பிப் பாருடி!"

"வெனக்கி சூடு, வெனக்கி!"

"ஹிந்தெ நோடே!"

"பீச்சே தேக், பீச்சே!"